கட்டிய பில்லுக்கு எதற்கு லேட் ஃபீ?

நுகர்வோர் கேள்வி பதில்

போன் பில் தாமதக் கட்டணம் பற்றி ஏகப்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. நூறு, இருநூறு ரூபாய் விஷயம்தான், ஆனால் எழுதியிருப்பவர்களின் ஆத்திரம் அந்தத் தொகையைவிடப் பெரியது, அது நியாயமும்கூட. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

வணக்கம் சார். என் போஸ்ட்பெய்டு பில்லுக்குக் கடைசித் தேதி 18. நான் 17-ஆம் தேதி ராத்திரியே யுபிஐ ஆப்பில் 471 ரூபாய் கட்டிவிட்டேன், வங்கியிலிருந்தும் பணம் உடனே போய்விட்டது. அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் 100, அதற்கு வரி 18 என்று 118 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால் "எங்க சிஸ்டத்துல 19-ஆம் தேதிதான் பேமெண்ட் விழுந்திருக்கு மேடம்" என்ற ஒரே பதில். 118 ரூபாய்க்காக அலையணுமா என்கிறார் கணவர். நீங்கள் சொல்லுங்கள். — வாசகி, திருநெல்வேலி

அலைய வேண்டாம், விடவும் வேண்டாம். இது பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே முடிகிற வேலை.

முதலில் அவர்கள் சொல்கிற காரணத்தைப் பார்ப்போம். அந்த ஆப்பில் பில் கட்டும் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது என்றால், அந்த வழியாகப் பணம் வாங்கிக்கொள்ள அவர்களே ஒப்புக்கொண்டு சேர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 17-ஆம் தேதி உங்கள் கணக்கிலிருந்து பணம் போய், ஆப்பிலும் "வெற்றி" என்று வந்துவிட்டால் உங்கள் கடமை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் கணக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அவர்கள் பாடு. இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், வேறு எதையும் பேசி விஷயத்தைக் கலைக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்றைச் சரிபாருங்கள். அன்று ராத்திரி ஆப்பில் "நிலுவையில்" என்று காட்டி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ "வெற்றி" ஆகியிருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனமாகும், அடியோடு போய்விடாது. பணம் எடுக்கப்பட்ட தேதிக்கு வங்கிக் கணக்குதான் சாட்சி. பணம் போய், நிறுவனத்துக்குச் சேரவே இல்லை என்றால் அது வேறு கதை. அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி இருக்கிறது: யுபிஐயில் கடைக்கோ நிறுவனத்துக்கோ செலுத்திய பணம் போய்ச் சேராவிட்டால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், அதற்கு மேல் போனால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும். உங்கள் விஷயத்தில் பணம் சேர்ந்துவிட்டது, அதனால் இது பொருந்தாது, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆதாரம். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் ஒன்று இருக்கும், யுடிஆர் என்று போட்டிருப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி ஸ்டேட்மெண்டை பிடிஎஃப் ஆக இறக்கி, 17-ஆம் தேதி வரியில் அதே எண் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் பொருந்துகிற அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் கஸ்டமர் கேரில் யார் போனை எடுத்தாலும் கவலையில்லை.

அப்புறம் 198-க்குக் கூப்பிடுங்கள். தகவல் கேட்கிற எண் வேறு, புகாருக்கான எண் வேறு, இந்த 198-தான் புகாருக்கு. அந்த முனையில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. "இதைப் புகாராகப் பதிவு பண்ணுங்க, டாக்கெட் நம்பர் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள். டாக்கெட் எண் என்கிற புகார் எண்ணைத் தர வேண்டியது அவர்கள் கடமை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிகளில் அது இருக்கிறது. பத்து நிமிஷம் பேசி, "பார்க்கிறோம் மேடம்" என்று கேட்டுவிட்டு எண் இல்லாமல் போனை வைத்தால் நீங்கள் கூப்பிட்டதற்கே பதிவு இருக்காது. பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

எண் வந்த அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். நீளமாக வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"எனது எண் ........, பில் எண் ......... இதற்கான 471 ரூபாயைக் கடைசித் தேதிக்கு முந்தைய நாளான 17-ஆம் தேதி யுபிஐ மூலம் செலுத்திவிட்டேன். யுடிஆர் எண் ......... வங்கிக் கணக்கு விவரம் இணைத்துள்ளேன். ஆகவே அடுத்த பில்லில் சேர்த்துள்ள தாமதக் கட்டணம் 100 ரூபாயையும் அதன் மீதான ஜிஎஸ்டி 18 ரூபாயையும் நீக்கி, கிரெடிட் நோட் அனுப்பவும். புகார் டாக்கெட் எண் ........."

அந்த 18 ரூபாயை மறக்காமல் கேளுங்கள். தாமதக் கட்டணமும் சேவை மதிப்போடு சேர்ந்துவிடுவதால் அதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதில் அவர்கள் தவறு செய்யவில்லை. ஆனால் கட்டணத்தை நீக்கினால் வரியையும் நீக்கித்தான் ஆக வேண்டும். நூறை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுகிற பில்களும் வருகின்றன, வரி வரிசையாகப் படித்தால்தான் கண்ணில் படும்.

நடுவில் இந்த மாத பில்லின் கெடு வந்துவிடுமே, 118-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாமா என்று கேட்பீர்கள். சட்டம் பேசினால் கட்டலாம். நான் அதைச் சொல்ல மாட்டேன். குறைத்துக் கட்டினால் சிஸ்டம் அதைப் பாக்கி என்று எடுத்துக்கொண்டு அடுத்த தாமதக் கட்டணத்தைப் போடும், அவுட்கோயிங்கை நிறுத்தும், வங்கி ஓடிபி வருகிற எண்ணை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம். கெடுவுக்குள் தீர்க்கச் சொல்லிக் கேளுங்கள், தீராவிட்டால் முழுத் தொகையையும் கட்டிவிட்டு "118 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், புகார் நிலுவையில் உள்ளது" என்று அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். கட்டியதால் உங்கள் உரிமை போய்விடாது. கட்டணத்தை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று பின்னால் சொல்லவும் முடியாது.

பதில் திருப்தியில்லை, அல்லது பதிலே இல்லை என்றால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், புகாரைத் தீர்க்கும் கெடு முடிந்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் மேல்முறையீட்டு முகவரியும் டிராய் இணையதளத்தில் கிடைக்கிறது. டிராய்க்கே நேரடியாக எழுதலாமா என்று பலர் கேட்கிறீர்கள், டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், சின்னத் தொகைக்கு அதுவே பல நேரம் போதுமானது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு போன், ஒரு மின்னஞ்சல், இவ்வளவுதான் முதல் கட்டம். 118 ரூபாயை யாருமே கேட்காமல் விட்டால் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் கணக்கில் அது சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன் கம்பெனி மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் சொல்கிறார். உண்மையா? — வாசகர், கும்பகோணம்

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, அவர் அதை வைத்துச் சொல்கிறார். கோழிக்கோட்டில் பில் கட்டவில்லை என்று ஒருவருடைய தொலைபேசி இணைப்பைத் துண்டித்த வழக்கில், தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. சாமானியர் யார் போய் நடுவரைத் தேடுவது? கிட்டத்தட்ட கதவையே சாத்தியது போலத்தான் ஆயிற்று, எத்தனையோ புகார்கள் இந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே திருப்பி அனுப்பப்பட்டன.

அந்த நிலை 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி மாறியது. அகமதாபாத்காரர் ஒருவருக்கு மாத வாடகை 249 ரூபாய், சராசரி பில் 555 ரூபாய். 2013 நவம்பர், டிசம்பர் காலத்துக்கு 24,609 ரூபாய் 51 பைசாவுக்கு பில் வந்தது. அவர் விடவில்லை, மாவட்ட மன்றத்துக்குப் போனார், நிறுவனம் 7பி பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. வோடஃபோன் ஐடியா வழக்கு என்று சொல்லப்படுகிற அதில், 7பி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு, தொலைத்தொடர்பும் சேவைதான் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. வக்கீல் நண்பரிடம் தேதியைச் சொல்லுங்கள், அவரே எடுத்துப் படித்துக்கொள்வார்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால் என்ன, டெல்லியில் இருந்தால் என்ன. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட அதிகமாகத்தான் ஆகிறது. அதனால் மேலே திருநெல்வேலி வாசகிக்குச் சொன்ன படிகளை முடித்துவிட்டு, அந்தத் தாள்களோடு போங்கள்.

ஆட்டோபே போட்டு வைத்திருந்தேன். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தது. இரண்டு மாதம் பில் போகவே இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை. இரண்டு மாதத்துக்கும் லேட் ஃபீ. இது அவர்கள் தப்புதானே? — வாசகர், ஓசூர்

முழுக்க அவர்கள் தப்பு என்று சொல்லி உங்களைக் குஷிப்படுத்த எனக்கு ஆசைதான், ஆனால் அது சரியாக இருக்காது. கார்டு மாறினால் பழைய கார்டில் கொடுத்த அனுமதி செல்லாமல் போகலாம், அதைப் புதுப்பிக்க வேண்டியது நம் பக்க வேலை. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மாதம் அது வரவில்லை என்றால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் மாதம் பணம் எடுக்க அவர்கள் முயற்சி செய்தார்களா? முயற்சி செய்து தோற்றது என்றால் உங்களுக்கு எப்போது, எப்படிச் சொன்னார்கள்? இதை எழுத்தில் கேளுங்கள். கணக்கில் பணம் இருந்து, அனுமதியும் உயிரோடு இருந்து, அவர்கள் பக்கமிருந்து எடுக்கவே முயற்சிக்கவில்லை என்றால் அந்தத் தாமதம் அவர்களுடையது. முயற்சித்துத் தோற்றதை உங்களிடம் சொல்லாமலே அடுத்த மாதமும் அபராதம் போட்டிருந்தால் இரண்டாவது மாதக் கட்டணத்தையாவது எடுக்கச் சொல்ல உங்களுக்கு நல்ல நியாயம் இருக்கிறது. முதல் மாதத்தைச் சலுகையாகக் கேளுங்கள், இத்தனை வருஷமாகத் தவறாமல் கட்டியவன் என்று பழைய பில்களைக் காட்டிக் கேட்டால் ஒரு முறை தள்ளுபடி செய்வதுண்டு. உரிமையாகக் கேட்பதையும் சலுகையாகக் கேட்பதையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம், இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

299 ரூபாய் பில், ஒரே ஒரு நாள் தாமதம், 100 ரூபாய் அபராதம். மூன்றில் ஒரு பங்கு! இதைக் கேட்க ஆளே இல்லையா? — வாசகி, புதுச்சேரி

தாமதமானது உண்மை என்றால் விஷயம் கடினமாகிறது. கட்டணங்களை நிர்ணயிக்கும் சுதந்திரத்தை டிராய் பெரும்பாலும் நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் வாங்கலாம் என்கிறது. 2019 நுகர்வோர் சட்டமும், ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதம் போடும் ஒப்பந்தத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று சொல்கிறது. 299 ரூபாய் ஒரு நாள் தாமதமானால் நிறுவனத்துக்கு 100 ரூபாய் நஷ்டம் வருமா என்று யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு தனி ஆள் 100 ரூபாய்க்காக அங்கே போவது நடக்கிற காரியம் இல்லை. ஊரில் நுகர்வோர் அமைப்பு ஏதாவது இருந்தால், இதே மாதிரி பில் வாங்கிய பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் மூலம் போக வேண்டிய வழக்கு இது. அப்படி ஒன்று போட வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

இரண்டு வருஷத்துக்கு முன் மூடிய எண்ணுக்கு 1,740 ரூபாய் பாக்கி, தாமதக் கட்டணத்தோடு சேர்த்து, என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. இப்போது லோக் அதாலத்துக்கு வரச் சொல்லி இன்னொரு நோட்டீஸ். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, அவர் பெயரில்தான் எண். போலீஸ் வருமோ என்று தூக்கமே இல்லாமல் இருக்கிறார். — வாசகி, சேலம்

முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள், போலீஸ் வராது. போன் பில் பாக்கி என்பது பணம் கொடுக்கல் வாங்கல் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. "வாரண்ட்", "நடவடிக்கை" என்று போனில் யாராவது பேசினால், பேசுபவரின் பெயரையும் நிறுவனத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு, "எழுத்தில் அனுப்புங்க" என்று வைத்துவிடுங்கள்.

வழக்கே போடாமல் முன்கூட்டியே சமரசத்துக்கு அனுப்புகிற நோட்டீஸ்தான் பெரும்பாலும் இப்படி வருவது. அது நீதிமன்றச் சம்மன் இல்லை. நோட்டீஸில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பெயரும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அந்த அலுவலகத்திலேயே காட்டிக் கேளுங்கள், பணம் வாங்க மாட்டார்கள். உண்மையான நோட்டீஸ்தான் என்றால் நீங்கள் போய் வருவது நல்லது. சாதாரண லோக் அதாலத்தில் சம்மதம் இல்லாமல் உங்கள் மேல் ஒன்றும் சுமத்த முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. "ஆயிரம் கட்டிடுங்க, முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்துவார்கள். கடன் இல்லவே இல்லை என்றால் ஒரு ரூபாய்க்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், "இணைப்பை மூடிவிட்டோம், பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூடியதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடுங்கள். மூடச் சொன்ன மின்னஞ்சல், கடையில் வாங்கிய ரசீது, கடைசி பில் கட்டிய வங்கி வரி, மூடியதாக வந்த எஸ்எம்எஸ், எது கிடைத்தாலும் சரி. எண்ணை மூடிய தேதிக்குப் பிந்தைய வாடகையையும் அதன் மேல் தாமதக் கட்டணத்தையும் போட்டிருக்கிறார்களா என்று அந்த 1,740-ஐப் பிரித்துக் கேளுங்கள், மாத வாரியாகக் கணக்குக் கொடு என்று கேட்டாலே பாதித் தொகை குறைவதைப் பார்த்திருக்கிறேன். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் இணைப்பு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கலாம், தனியார் நிறுவனத்திடம் அந்த வழி கிடையாது. இன்னொன்று, பணம் வசூலிக்க வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் "பாக்கி இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த மூன்று வருஷம் புதிதாக ஆரம்பித்துவிடும். அதனால் அப்பா பதற்றத்தில் எதையும் எழுதிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்கள் பாக்கி விவரத்தை, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற கிரெடிட் நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம், அப்பா பெயரில் ஒன்று எடுத்துப் பாருங்கள், தவறாக ஏறியிருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம்.

இந்தத் தகராறு முடிகிற வரை காத்திருக்காமல் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா? — வாசகர், தேனி

கெடு தாண்டிய பாக்கி இருந்தால் 1900-க்கு மெசேஜ் போட்டாலும், அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறத் தேவையான போர்ட்டிங் கோடு வராது. அதனால் ஆட்சேபத்துடன் கட்டிவிடுங்கள், மாறிவிடுங்கள், புகாரை அப்படியே தொடருங்கள். மாறிப் போனவர் என்பதற்காகப் பழைய நிறுவனம் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மாறுவதற்கு முன் பழைய பில்களையெல்லாம் அவர்கள் ஆப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எண் போன பிறகு அந்த ஆப்புக்குள் நுழைய முடியாமல் போகலாம்.